தார் ஜீப்புக்கு ஏ/டி டயர்: ஐந்து டயரும் மாற்றிய அனுபவம்

வீடு தாம்பரத்தில். நிலம் உத்திரமேரூர் பக்கம். செங்கல்பட்டு வழியாகப் போனால் அறுபது கிலோமீட்டர் சொச்சம் வரும். அதில் கடைசி இரண்டு கிலோமீட்டர்தான் இதை எழுதக் காரணம். ஏரிக்கரையை ஒட்டிப் போகும் வண்டிப்பாதை அது. சித்திரையில் சிமென்ட் மாதிரி இறுகிக் கிடக்கும். ஐப்பசியில் காலை வைத்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். முழுக்கக் கரம்பை மண். உத்திரமேரூர் கல்வெட்டில், ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்று தனியாக ஒரு குழு இருந்ததாகப் படித்திருப்பீர்கள். பராந்தக சோழன் காலம், ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தையது. அந்தப் பக்கத்து ஏரிகளின் வண்டல் பயிருக்கு அமிர்தம். சக்கரத்துக்கு அப்படி இல்லை.

2024இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து நாலைந்து நாள் ஆனதும், வயலில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க அப்பாவும் நானும் கிளம்பினோம். வண்டி 2016 மாடல் மஹிந்திரா தார், டீசல், ஃபோர் வீல் டிரைவ். ஃபோர் வீல் போட்டால் எங்கேயும் போகலாம் என்ற நம்பிக்கையில் பாதையில் இறக்கினேன். நூறு மீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம். நாலு சக்கரமும் சுற்றுகிறது, வண்டி முன்னால் போகவில்லை. பக்கவாட்டில் மெதுவாக வாய்க்காலைப் பார்த்து வழுக்குகிறது. ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான். பக்கத்து வயல்காரர் டிராக்டர் கொண்டுவந்து இழுக்கும்வரை ஒன்றரை மணி நேரம் அங்கேயே நின்றோம். அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. முட்டி வலி உள்ளவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தச் சேற்றில் வெறுங்காலோடு நடந்தார். அதை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டப்படுகிறது.

திரும்பி வரும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "டயரப் பாத்தியாடா?"

மறுநாள் பார்த்தேன். டயர் முகத்தில் கட்டி கட்டியாகத் துருத்தி நிற்கும் ரப்பரைப் பட்டன் என்போம். அதன் ஆழம் அளக்கும் கேஜை வைத்தால் 3 மி.மீ. காட்டியது. காருக்குச் சட்டம் கேட்பது 1.6 மி.மீ. தான், அதனால் சட்டப்படி அந்த டயர் செல்லும். ஆனால் பட்டன்களுக்கு நடுவே இருந்த பள்ளமெல்லாம் மண் அடைத்துச் செங்கல் மாதிரி காய்ந்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் அச்சில் வார்த்த மாதிரி முழுசாகக் கழன்று விழுந்தது. அந்த மண்துண்டைக் கையில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நேற்று மண்ணைத் தொட்டது ரப்பர் இல்லை. மண்மேல் மண் வழுக்கியிருக்கிறது.

சரி, டயர் மாற்ற வேண்டும். எந்த டயர் என்று முடிவு பண்ண மட்டும் எனக்குப் பல மாதம் ஆனது.

ஜீப், எஸ்யூவி மாதிரி வண்டிகளுக்கான டயரில் மூன்று ஜாதி உண்டு. எச்/டி தார் ரோட்டுக்கானது: நெருக்கமான பட்டன், சத்தம் குறைவு. எம்/டி சேற்றுக்கானது: கட்டி கட்டியான பட்டன், நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. சக்கரம் சுற்றும்போதே அந்த இடைவெளியிலிருந்து மண் தெறித்து வெளியே போய்விடும். ஏ/டி, அதாவது எல்லாத் தரைக்குமான ஆல்-டெரெய்ன், இரண்டுக்கும் நடுவே. பார்க்க எம்/டிதான் கம்பீரம். என் மனசும் முதலில் அங்கேதான் போனது.

ஆனால் ஆசையை மட்டும் நம்பி வாங்கக் கூடாது என்று ஒரு நோட்டை வண்டியில் போட்டு, இரண்டு மாதம் ஒவ்வொரு ஓட்டத்தையும் எழுதினேன். எங்கே போனோம், எத்தனை கிலோமீட்டர் தார் ரோடு, எத்தனை சரளை, எத்தனை மண். கூட்டிப் பார்த்தால் நூறு கிலோமீட்டருக்குத் தொண்ணூற்று மூன்று தார் ரோடு. ஐந்து செம்மண்ணும் சரளையும். நான் மாட்டிக்கொண்ட கரம்பை மண் வெறும் இரண்டு. அந்த இரண்டும் வருஷத்தில் மூன்று மாதம்தான் சேறு.

இந்தக் கணக்கு எம்/டியை அப்படியே ஒதுக்கிவிட்டது. ஐப்பசி மழையில், செங்கல்பட்டு போகிற ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் பிரேக் போடுவதுதான் என் வண்டி செய்கிற ஆபத்தான வேலை, ஏரிக்கரையில் ஏறுவது இல்லை. எம்/டியில் தரையைத் தொடும் ரப்பர் குறைவு. பட்டன்மேல் கத்தியால் கீறிய மாதிரி இருக்கும் மெல்லிய கோடுகளும் குறைவு. ஈர ரோட்டில் தண்ணீர்ப் படலத்தை உடைத்துப் பிடி கொடுப்பவை அந்தக் கோடுகள்தான். கத்திரி வெயிலில் கொதிக்கும் தாரில் உயரமான பட்டன் நெளிந்து நெளிந்து சீக்கிரம் தேயும். சத்தம் வேறு. வாரக் கடைசியில் காட்டுக்குள்ளேயே கிடக்கிறவர்கள் எம்/டி போடட்டும். தாம்பரத்திலிருந்து தினம் வேலைக்கு ஓட்டுகிற வண்டிக்கு அது பொருந்தாது என்பது என் தீர்மானமான கருத்து.

ஆக ஏ/டி. அடுத்து அளவு. எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இது.

என் வண்டிக்குக் கம்பெனி கொடுத்தது 235/70 ஆர்16. அதாவது டயரின் அகலம் 235 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 16 அங்குலம். பழைய தார் வைத்திருப்பவர்களில் நிறையப் பேர் இதை 245/75 ஆர்16 ஆக மாற்றுகிறார்கள். வண்டி நிமிர்ந்து நிற்கும், பார்க்க நன்றாக இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 235/70இன் மொத்த உயரம் 735 மி.மீ. 245/75இன் உயரம் 774 மி.மீ. ஏறக்குறைய 39 மி.மீ. வித்தியாசம், ஐந்து சதவீதம். அதில் பாதிதான் வண்டியின் அடிப்பாகத்தை உயர்த்தும், அதாவது 19 மி.மீ. ஒரு விரல் மொத்தம். அந்த ஒரு விரலுக்காக என்னவெல்லாம் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 84இல் போகும். ஒவ்வொரு கியரும் ஐந்து சதவீதம் நீண்ட மாதிரி ஆகிவிடும். மேட்டில் இழுவை குறையும். இன்னொன்று எங்கள் வீட்டுக்கே உரியது. அப்பா ஏற ஏற்கெனவே நான் ஒரு மரப்பலகை வைத்துக் கொடுக்கிறேன். படி இன்னும் 19 மி.மீ. உயர்ந்தால் சிரமம் அவருக்குத்தான்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியைக் கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விபத்து என்று வந்து, இன்சூரன்ஸ்காரர் டயரைக் குனிந்து பார்க்கிற நிலைமை எனக்கு வேண்டாம்.

இத்தனைக்கும் மனசு முழுக்க ஆறவில்லை. நண்பர் ஒருவர் தன் தாரில் 245/75 போட்டிருந்தார், எல்டி வகை. "ஒரு நாள் ஸ்டெப்னியக் கழட்டிக் குடுங்க, எடை போட்டுப் பாத்துட்டுத் தர்றேன்" என்று கேட்டு வாங்கினேன். என் ஸ்டெப்னியையும் கழற்றி, இரண்டையும் எங்கள் தெரு முனைப் பழைய இரும்புக்கடைக்கு உருட்டிப் போனேன். கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்ளத்தான் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்துக் கையை நீட்டினார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது. தராசில் கிடந்த இரும்பையெல்லாம் இறக்கி, தட்டைத் துடைத்து, பூஜ்யம் வருகிறதா என்று இரண்டு தடவை பார்த்தார். ரிம்மோடு சேர்த்து என் பழைய சக்கரம் 26.4 கிலோ. நண்பருடையது அதே மாதிரி ரிம்மில் 34.1 கிலோ.

"ஏழே முக்கால் கிலோ சார், ஒரு சக்கரத்துக்கு!" என்றார்.

ஐந்து சக்கரத்துக்கு 38 கிலோவுக்கு மேல். வண்டிக்குள் ஒரு மூட்டை அதிகம் ஏற்றுவது மாதிரி இல்லை இது. சுற்றுகிற பாரம். கிளம்பும்போது எஞ்சின் அதைச் சுழற்றிவிட வேண்டும், நிற்கும்போது பிரேக் அதை நிறுத்த வேண்டும், ஒவ்வொரு பள்ளத்திலும் ஷாக் அப்சார்பர் அதை அடக்க வேண்டும். பின்கதவில் தொங்குகிற ஸ்டெப்னியின் கனத்தைக் கதவின் கீல் தாங்க வேண்டும். டயர் விளம்பரங்களில் பட்டனைப் பெரிதாகக் காட்டுவார்கள். எடையை நான் எதிலும் பார்த்ததில்லை.

எல்டி என்பது என்னவென்று அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். லைட் டிரக் என்பதன் சுருக்கம். அதிகச் சுமையை அதிகக் காற்றில் சுமக்கச் செய்த டயர். உள்ளே அடுக்கு பலமாக இருக்கும், பக்கச் சுவரும் தடிமன். கூரான பாறைமேல் ஏறுகிறவர்களுக்கு அது உண்மையிலேயே உயிர் காக்கும்: நாகலாபுரம் மலைப்பக்க ஓடைகளில் உருளைக்கல் நடுவே போகிறவர்கள், ஜவ்வாது மலையில் பாறைப் பாதையில் ஓட்டுகிறவர்கள் எல்டியே வாங்க வேண்டும். எனக்குப் பாறை இல்லை, களிமண். களிமண் டயரைக் கிழிப்பதில்லை. என் ஓட்டத்துக்குச் சாதாரண வகை ஏ/டியே போதும்; எடை குறைவு, ரோட்டில் ஆட்டமும் குறைவு.

அதே 235/70 ஆர்16, ஏ/டி, சாதாரண வகை. சுமைக் குறியீடு பழைய டயரில் இருந்ததற்குக் குறையக் கூடாது என்று மட்டும் கவனித்தேன். பக்கவாட்டில் அளவுக்கு அடுத்தபடியாக வரும் எண் அது. 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும், 106 என்றால் 950. பக்கத்தில் உள்ள எழுத்து வேகத்துக்கு: எஸ் என்றால் மணிக்கு 180 கி.மீ., டி என்றால் 190, எச் என்றால் 210.

எந்தக் கம்பெனி என்று நான் எழுதப் போவதில்லை. ஒரே கம்பெனி ஒரே பெயரில் சாதாரண வகையும் விற்கிறது, எல்டியும் விற்கிறது. பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் வகையில் கோட்டை விடுவோம். நம் ஊரைச் சுற்றித்தான் எத்தனை டயர் ஆலைகள்! 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்து தொடங்கிய எம்ஆர்எஃப், ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் சியட்டும் ஜேகேவும், தேர்வாய்கண்டிகையில் மிஷெலின். வெளிநாட்டு டயர் இறக்குமதிக்கு 2020 ஜூனில் கட்டுப்பாடு வந்தபிறகு, இந்தியாவில் செய்கிற ஏ/டிகளே நம் கைக்குச் சுலபமாகக் கிடைக்கின்றன. அவற்றில் நல்லவை இருக்கின்றன.

செப்டம்பர் 2025 முதல் வாரம் ராயப்பேட்டை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போனேன். முதல் கடையில் அளவு இருந்தது, விலையும் படிந்தது. டயரைத் திருப்பிப் பக்கவாட்டைப் பார்த்தேன். டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். அதில் 1823 என்று இருந்தது. 2023ஆம் வருஷத்தின் 18ஆவது வாரம், அதாவது இரண்டே கால் வருஷம் பழைய சரக்கு. நாலு டயரில் இரண்டு அப்படி. "குடோன்ல நெழல்லதான் சார் இருந்துச்சு, ஒண்ணும் ஆகாது" என்றார் கடைக்காரர். நிழலில் வைத்தால் கெட்டுப்போகாது என்பது ஓரளவுக்கு நிஜம். ஆனால் என் ஓட்டத்துக்கு ஒரு டயர் ஐந்தாறு வருஷம் வர வேண்டும். தொடங்கும்போதே இரண்டு வருஷத்தை இழக்க மனமில்லை. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அடுத்த கடை அண்ணன் நேர்மையாக ஒன்று சொன்னார்: "தம்பி, அவசரம் இல்லன்னா இருபத்திரண்டாம் தேதிக்கு மேல வாங்க. ஜிஎஸ்டி எறங்குது." டயருக்கு இருந்த 28 சதவீத வரி செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்தது. ஒரு டயர் 9,600 ரூபாய் சொன்னது 8,850 ஆனது. ஐந்துக்கு 3,750 மிச்சம். காத்திருக்கச் சொன்ன அந்தக் கடையிலேயே வாங்கினேன். எண் 2925. இரண்டு மாதச் சரக்கு.

நாலு போதாதா, ஏன் ஐந்து என்று வீட்டில் கேட்டார்கள். காரணம் இருக்கிறது. புது டயரில் பட்டன் ஆழம் 10.5 மி.மீ. இருந்தது, பழையதில் 3. பஞ்சர் ஆகிப் பழைய ஸ்டெப்னியை மாட்டினால் அந்த ஒரு சக்கரம் மட்டும் விட்டத்தில் 15 மி.மீ. சின்னது. இடது வலது சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுற்றவிடுகிற டிஃபரன்ஷியல், ரோட்டில் அதைச் சமாளித்துக்கொள்ளும். ஆனால் இந்த வண்டியில் முன்னும் பின்னும் வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுக்கிற நடு டிஃபரன்ஷியல் கிடையாது. ஃபோர் வீல் போட்டால் இரண்டு அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். சக்கர அளவு ஒத்துப்போகவில்லை என்றால் அந்த இழுபறி முழுக்க கியர் பெட்டிக்குள் போய்ச் சேரும். ஃபோர் வீல் வண்டிக்கு ஐந்தும் ஒன்றாக வாங்கி, ஐந்தையும் சுழற்சியில் ஓட்டுவதுதான் சரி.

மாட்டும்போது பக்கத்திலேயே நின்றேன், செப்டம்பர் கடைசி சனிக்கிழமை, ஒரு பெரிய ஷோரூமில். அலைன்மென்டும் அங்கேயே முடித்துவிடலாம் என்று அங்கே கொடுத்தேன். ரிம்மின் உள்விளிம்பை உப்புத்தாளால் தேய்க்கச் சொன்னேன். அங்கே பிடிக்கிற துருவாலும் காற்று கசியும். வால்வு ஐந்தும் புதுசு. வேலை முடிந்து வெளியே வந்தபிறகு கேஜ் வைத்துப் பார்த்தால் நாலிலும் காற்று 40 பிஎஸ்ஐ, தேவைக்கு மேல். நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிய இறுக்கில், வண்டியில் உள்ள ஸ்பேனரால் என்னால் ஒன்றைக்கூட அசைக்க முடியவில்லை. நடு ராத்திரி மதுராந்தகம் பக்கத்தில் பஞ்சர் ஆகியிருந்தால் என்ன செய்திருப்பேன்? அங்கேயே நின்று எல்லா நட்டையும் தளர்த்தச் சொல்லி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் கையேட்டில் உள்ள அளவுக்கு மறுபடி இறுக்கச் சொன்னேன். முகம் சுளித்தார்கள், ஆனால் செய்தார்கள்.

ஆயுத பூஜை அக்டோபர் 1ஆம் தேதி வந்தது. அப்பா நாலு டயருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். புது டயர் முதலில் நசுக்கியது அதைத்தான்.

அப்புறம் ஒரு தொந்தரவு. எண்பதைத் தொட்டால் ஸ்டீயரிங் லேசாக நடுங்கியது, தொண்ணூறில் நின்றுவிட்டது. டயர்தான் சரியில்லை என்று முதலில் நினைத்தேன். எங்கள் பஞ்சர் கடை பாயிடம் கொண்டுபோனேன். அவர் முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ரிம்முக்குப் பக்கத்தில் ஒரு ஆணியை அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிவிட்டார். ஆணிக்கும் ரிம்முக்கும் நடுவே இருந்த இடைவெளி ஒரு சுற்றில் ஒரு தடவை குறுகி விரிந்தது. "டயர் நல்லாத்தான் இருக்கு சார். ரிம்மு வளைஞ்சிருக்கு. பழைய டயர் மெத்துமெத்துனு இருந்ததால தெரியாம இருந்திருக்கு" என்றார். புதுப்பேட்டையில் கொடுத்து நிமிர்த்தி, மறுபடி பேலன்ஸிங் செய்தேன். சக்கரம் ஆடாமல் சுற்ற ரிம்மில் ஈயத் துண்டு ஒட்டுகிற வேலை அது. முன்பு அந்தச் சக்கரத்துக்கு 85 கிராம் ஈயம் ஒட்டியிருந்தார்கள், இப்போது 25 போதுமானதாக இருந்தது. நடுக்கம் போய்விட்டது. பேலன்ஸிங்கில் ஒரு சக்கரத்துக்கு மட்டும் ஈயம் ஏகமாகப் போனால், அங்கேயே ரிம்மைச் சந்தேகப்படுங்கள்.

காற்று எவ்வளவு என்பதற்கு நான் செய்தது சாக்பீஸ் முறை. டயரின் முகத்தில் குறுக்கே ஓரத்திலிருந்து ஓரம் வரை தடிமனாக ஒரு கோடு. தெருவில் நேராக நூறு மீட்டர் ஓட்டிவிட்டு இறங்கிப் பார்க்க வேண்டும். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரத்தில் மட்டும் அழிந்தால் குறைவு. 36இல் நடுவில் மட்டும் அழிந்தது. 33இலும் ஓரத்தில் வெள்ளை மிச்சம் இருந்தது. 30இல் கோடு முழுக்க ஒரே சீராக மங்கியது. அப்பா, அம்மா, பின்னால் நாலு மூட்டை என்று போகும்போது பின்சக்கரத்துக்கு 33. எல்லாம் காலையில் வண்டி எடுக்கும் முன் பார்க்கிற அளவு. உச்சி வெயிலில் செங்கல்பட்டு போய் நின்று பார்த்தால் அதே 30, 34 காட்டும். சூட்டில் ஏறியது அது. அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது. காற்று குறைந்த டயர் வெயிலில் இன்னும் சூடேறித்தான் வெடிக்கிறது.

சேற்றில் காற்றைக் குறைத்தால் என்ன ஆகிறது என்று கண்ணால் பார்க்க, வீட்டு வாசலிலேயே ஒரு சோதனை செய்தேன். முன்சக்கரத்தைத் தூக்கி, டயர் முகத்தில் ஈரக் கோலமாவைப் பூசி, அடியில் அட்டை வைத்து இறக்கினேன். மறுபடி தூக்கினால் அட்டையில் பட்டன் பட்டனாக வெள்ளை அச்சு. 30 பிஎஸ்ஐயில் நீளம் 15 செ.மீ. 18க்கு இறக்கிப் புது அட்டையில் வைத்தேன். 20 செ.மீ. அகலம் ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது. காற்றை இறக்கினால் டயர் அகலமாகும் என்று எல்லோரும் சொல்வோம், உண்மையில் நீளமாகிறது. புல்டோசரின் சங்கிலிச் சக்கரம் மாதிரி நீளவாக்கில் அதிக மண்ணைப் பிடிக்கிறது. இரண்டு அட்டையையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

டிசம்பர் முதல் வாரம் டிட்வா புயலின் மிச்சம் சென்னைக்குப் பக்கத்தில் கடலிலேயே நின்று கொட்டியது. மழை விட்டு மூன்றாம் நாள் அதே ஏரிக்கரைப் பாதைக்குப் போனேன். இந்தத் தடவை அப்பாவை ரோட்டோரக் கடையில் உட்கார வைத்துவிட்டு, பக்கத்து வயல்காரருக்கு முன்னாலேயே சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன்.

முதலில் 30இலேயே, ஃபோர் வீல் போட்டு. போன தடவை நின்ற இடத்தைத் தாண்டியது, இன்னொரு ஐம்பது மீட்டர். அப்புறம் மெல்ல வழுக்க ஆரம்பித்தது. இறங்கிப் பார்த்தேன்: ஏ/டியின் பள்ளங்களும் அடைபட்டிருந்தன. ஓரத்துப் பட்டன்களில் மட்டும் ரப்பர் தெரிந்தது. டயர் மட்டுமே எல்லாம் செய்துவிடும் என்று நான் எதிர்பார்த்திருந்தால் அங்கே ஏமாந்திருப்பேன். நாலு சக்கரத்தையும் 18க்கு இறக்கினேன். ரிவர்ஸில் பத்தடி வந்து, செகண்ட் கியரில், ஆக்ஸிலேட்டரை ஒரே சீராக வைத்து மறுபடி போனேன். வண்டி ஒரு தடவை இடுப்பை ஆட்டியது, அப்புறம் பிடித்துக்கொண்டது. வேகம் கொஞ்சம் கூடியதும் சக்கர வளைவுக்குள் மண் தட்டுத் தட்டென்று தெறிக்கிற சத்தம் கேட்டது. பள்ளங்கள் தாமாகவே சுத்தமாகின்றன என்று அர்த்தம். மொட்டையான டயரில் இந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. கேட் வரை போய் நின்றேன்.

என் கணிப்பு இது: அன்றைக்குப் பாதிக்குக் கொஞ்சம் குறைவான வேலையை டயர் செய்தது, மீதியைக் காற்றை இறக்கியது செய்தது. 3 மி.மீ. டயரில் காற்றை இறக்கியிருந்தாலும் போயிருக்காது. புது டயரை 30இல் வைத்திருந்தாலும் போயிருக்காது. ஏ/டி வாங்குகிற எல்லோரும் அதோடு ஒரு நல்ல கேஜும், பேட்டரியில் மாட்டுகிற சின்ன கம்ப்ரஸரும் வாங்க வேண்டும். தார் ரோடு ஏறும் முன் திரும்ப நிரப்பியே ஆக வேண்டும். என் கம்ப்ரஸர் ஒரு டயரை 18லிருந்து 30க்குக் கொண்டுவர நாலு நிமிஷம் எடுக்கிறது. அதற்குள் டீ குடித்து முடித்துவிடலாம்.

ரோட்டில் என்ன வித்தியாசம் என்றால், அறுபதுக்கு மேல் மெல்லிய ரீங்காரம் ஒன்று இருக்கிறது. தார் ஜீப்பின் மற்ற சத்தத்தில் அது அமுங்கிப் போகிறது. மைலேஜ் லிட்டருக்கு 12.6லிருந்து 12.1 ஆனது. புது டயர் முதல் சில நூறு கிலோமீட்டர் ஈர ரோட்டில் கொஞ்சம் வழுக்கும், அப்போது நிதானம் தேவை. அதன்பின் மழையில் பிரேக் பழைய டயரைவிட நன்றாகவே பிடிக்கிறது. ஆனால் பழையது தேய்ந்த டயர் என்பதால் அதை ஏ/டியின் பெருமையாகச் சொல்ல மாட்டேன்.

சென்னைக்காரர்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ முட்டியளவு தண்ணீர் நிற்கும்போது ஏ/டி டயர் எந்த உதவியும் செய்யாது. எஞ்சின் காற்று இழுக்கிற குழாயை டயர் உயர்த்துவதில்லை. தண்ணீருக்கடியில் மூடி இல்லாத சாக்கடையும் நீட்டிய கம்பியும் இருக்கும். பக்கச் சுவர் கிழிந்தால் அந்த டயர் அத்தோடு முடிந்தது, பஞ்சர் ஒட்டும் இடம் அது இல்லை.

இன்னொன்று கடற்கரை. ஏ/டி போட்டதும் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் மணலில் இறக்கிப் பார்க்க ஆசை வரும், எனக்கும் வந்தது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் ராத்திரியில் கரையேறி முட்டையிடுகிற மணல் அது. பெசன்ட் நகரிலிருந்து நீலாங்கரை வரை கல்லூரிப் பிள்ளைகள் 1988இலிருந்து ராத்திரி ராத்திரியாக நடந்து அந்த முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். கூடு வெளியே தெரியாது. மேலே ஒரு சக்கரம் ஏறினால் போதும், முடிந்தது. தயவுசெய்து அங்கே இறக்காதீர்கள். மணல் ஓட்டிப் பழக வேண்டும் என்றால், சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஏதாவது சவுக்குத் தோப்புக்குள் பழகுங்கள்.

இப்போது மாசி. மாட்டியதிலிருந்து 5,600 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முன் இரண்டும் 9.8 மி.மீ., பின் இரண்டும் 10, ஸ்டெப்னி அப்படியே 10.5. எட்டாயிரத்தில் முதல் சுழற்சி: ஸ்டெப்னி வலது பின்பக்கம் வரும், வலது பின் முன்னால் போகும், இடது முன் ஸ்டெப்னியாகும். எது எங்கே இருந்தது என்று குழம்பாமல் இருக்க, ஒவ்வொரு டயரின் உள்பக்கச் சுவரிலும் வெள்ளைப் பெயின்டால் ஒன்று முதல் ஐந்து வரை எழுதி வைத்திருக்கிறேன். மூன்றாம் எண்ணில் வண்டலூர் பக்கம் ஏறிய ஒரு ஆணி இருந்தது. பாய் பிடுங்கி, பிளக் போட்டு, எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தார். குமிழி வரவில்லை.